புதிய பதிப்போடு ஒரு வாரம்: இங்கிலாந்துப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, லண்டன்

எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகிவிட்டது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தங்களிடம் உள்ளவற்றைப் பட்டியலிட்டுத் தேடுவதற்கான மென்பொருள் அது. வெளியீட்டுக் குறிப்புகள் எழுதுவது என் வேலை. இந்த வாரம் கூடுதல் வேலையாக, லண்டனில் ஒரு நூலகத்திலும் மான்செஸ்டரில் ஓர் ஆவணக் காப்பகத்திலும் அதை நிறுவிப் பயிற்சி கொடுக்க வந்திருக்கிறேன். சோதனைப் பிரிவுத் தோழியும் உடன் வந்திருக்கிறார். "நன்றாக வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால், "யாருடைய கணினியில்?" என்று கேட்பது அவருடைய சுபாவம். எனக்கோ புதிய பதிப்பு என்றால் தலைகால் புரியாது. எங்களை ஜோடி சேர்த்து அனுப்பியவர் விவரம் தெரிந்தவர்தான்.

குறிப்புகளின் உச்சியில் இருப்பது தலைப்புச் செய்தி: பேசுகிற மாதிரி கேள்வி கேட்டால் பதிலைச் சுருக்கிச் சொல்லும் தேடல். விற்பனைப் பிரிவு அதற்குக் காணொளி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறது. என் மனம் கிடப்பது கடைசிப் பக்கத்தில், 'சிறு திருத்தங்கள்' என்ற தலைப்பின் கீழே. அங்கே உள்ள இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தப் பயணத்துக்கு நானாகவே பெயர் கொடுத்தேன். அவை என்ன என்பதை அந்தந்த நாளில் சொல்கிறேன்.

இன்று வேலை இல்லை. விமானக் களைப்போடு சவுத் கென்சிங்டனில் இருக்கும் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் எந்திரமான இரண்டாம் டிஃபரன்ஸ் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பல்சக்கரங்கள் அடுக்கடுக்காய் ஏறும் வெண்கலத் தூண்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் பொறித்த எண்கள். 31 இலக்கம் வரை கணக்கிடும். அச்சிடும் பகுதியையும் சேர்த்தால் ஏறத்தாழ 8,000 பாகங்கள், 5 டன் எடை.

இதைப் பாபேஜ் பார்க்கவே இல்லை என்பதுதான் விசேஷம். அவர் 1847 முதல் 1849 வரை வரைபடம் போட்டதோடு சரி. 1871இல் இறந்துவிட்டார். அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டான 1991இல்தான் இந்த அருங்காட்சியகம் அந்த வரைபடங்களை வைத்துக் கணக்கிடும் பகுதியைக் கட்டி முடித்தது. அச்சிடும் பகுதி அதற்கும் பிறகு. எந்திரம் சரியாகவே கணக்குப் போட்டது. முதல் டிஃபரன்ஸ் எஞ்சினின் வேலை 1833இல் நின்றது. அதை முடிப்பதற்குள் அவருக்கு அனலிட்டிக்கல் எஞ்சின் என்ற இன்னும் பெரிய கணக்கு எந்திரத்தின் யோசனை தோன்றிவிட்டது. அதில் கிடைத்த யோசனைகளோடு திரும்பி வந்து இரண்டாவதை வரைந்தார். முந்தையதை முடிக்காமல் அடுத்த பதிப்புக்குத் தாவும் ஆசாமிகள் எங்கள் அலுவலகத்திலும் உண்டு, ஆனால் அவர்களுக்கு இவ்வளவு அழகாக வரைய வராது.

பாபேஜின் மூளையில் பாதியும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. தோழி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இவருக்கு வேண்டியிருந்தது இன்னொரு மூளை இல்லை, ஒரு கெடு தேதி" என்றார்.

சனி, பிளெட்ச்லி

யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைத்த இடம் பிளெட்ச்லி பார்க். அதன் ஒரு மூலையில், தனி நிறுவனமாக, தேசியக் கணினி அருங்காட்சியகம் இயங்குகிறது. நாங்கள் போனது அதற்குத்தான். அந்தச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் என்ற மின்னணு எந்திரங்கள் வேலை செய்த எச் பிளாக் கட்டடத்திலேயே அது இருக்கிறது.

கொலோசஸை மறுபடி கட்டியவர்கள் டோனி சேலும் அவருடைய குழுவினரும். 1993இல் தொடங்கியபோது கையில் இருந்தவை சில புகைப்படங்களும் வரைபடத் துண்டுகளும் அந்தக் கால ஆட்களின் நினைவும். அறைக்குள் நுழைந்ததும் முதலில் உறைப்பது வெப்பம். ஆளுயரச் சட்டங்களில் வரிசை வரிசையாக வால்வுகள் என்ற மின்னணுக் கண்ணாடிக் குழாய்கள், உள்ளே செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் கட்டில் சட்டத்தைத் தூக்கி நிறுத்தியது போன்ற அமைப்பு. அதன் கப்பிகள் மீது துளையிட்ட காகித நாடா வளையமாகச் சுற்றுகிறது, நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில். நாடா அறுந்தால் என்ன ஆகும் என்று தோழி கேட்டார். அவர் அப்படித்தான் கேட்பார்.

அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்த முதல் கொலோசஸ் 1944 தொடக்கத்தில் இங்கே வந்தது. இத்தனை வால்வுகளை ஒன்றாக வைத்தால் எந்நேரமும் ஏதாவது ஒன்று போய்க்கொண்டேயிருக்கும் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். வால்வு கெடுவது பெரும்பாலும் போட்டு அணைக்கும்போதுதான், அணைக்காமலே விட்டால் நீடித்து உழைக்கும் என்பது தொலைபேசி நிலையங்களில் பழகிய ஃபிளவர்ஸுக்குத் தெரியும். அத்தோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 1ஆம் தேதி இரண்டாம் வகை கொலோசஸ் இயங்கத் தொடங்கியது. சுமார் 2,400 வால்வுகள், ஐந்து மடங்கு வேகம். பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியது ஜூன் 6. ஐந்து நாள் இடைவெளியில் ஒரு பெரும் பதிப்பு! வெள்ளிக்கிழமை மாலையில் வெளியீடு வேண்டாம் என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

போர் முடிவதற்குள் பத்து எந்திரங்கள். பிறகு பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். 1970கள் வரை இதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. செய்தவருக்கு ஒரு பாராட்டுக்கூட வெளிப்படையாகக் கிடைக்காத வெளியீடு. குறிப்பு எழுதிப் பிழைக்கும் எனக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

பக்கத்து அறையில் ஹார்வெல் டெகாட்ரான் என்ற பழைய கணினி இருக்கிறது. 1951இல் இயங்கத் தொடங்கிய எந்திரம், 2012இல் பழுது நீக்கி மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இலக்கமும் ஒரு சிறு குழாயில் ஒளிப்புள்ளியாய் வட்டமிடுவதால், கூட்டல் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. பிழை தேட இதைவிட வசதி உண்டா? மாலை வரை அங்கேயே நின்றிருப்பேன். தோழிதான் இழுத்து வந்தார்.

ஞாயிறு, லண்டன்

நூலகம் இன்று மூடியிருக்கும். எனவே நிறுவும் நாள் இதுதான்.

வெளியில் இருப்பவர்களுக்கு நிறுவுவது என்றால் பொத்தானை அழுத்துவது. உண்மையில் காலை முழுவதும் எதையும் அழுத்தவில்லை. பழைய தரவை நகலெடுத்தோம். அந்த நகலிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தோம். இதைச் செய்யாமல் 'நகல் இருக்கிறது' என்று சொல்பவர்களைத் தோழி மனிதர்களாகவே மதிப்பதில்லை. பிறகு அந்த மாற்றுக் கணினியில் புதிய பதிப்பை ஓட்டி ஒத்திகை. திரும்பிப் போக வேண்டியிருந்தால் எந்தக் கட்டளை, எந்த வரிசை என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

நூலகத்தில் தேடலுக்கு மூன்று சர்வர்கள். மூன்றிலும் புதிய பதிப்பு ஏறியதா என்று தோழி ஒவ்வொன்றாகப் பார்த்தார், மறுபடி பார்த்தார். காரணம் இல்லாமல் இல்லை. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி, அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்குச் சந்தை நிறுவனம் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டது. அந்த ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு இஷ்டத்துக்குப் பங்குகளை வாங்கி விற்றது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். புதிய பதிப்பின் மேல் எனக்குள்ள மோகத்துக்குத் தோழி அவ்வப்போது தரும் மருந்து இந்தக் கதை.

பிற்பகலில் ஏற்றினோம். பிறகு தேடல் அட்டவணையை முதலிலிருந்து கட்ட வேண்டும். அது முடியும்வரை முன்னேற்றக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

திங்கள், லண்டன்

முதல் வரியின் நாள். குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்: "தமிழ் உயிர்மெய்க் குறிகள் எந்த முறையில் பதிவாகியிருந்தாலும் தேடலில் ஒன்றாகவே கொள்ளப்படும்."

தமிழ் நூல்களைக் கவனிக்கும் அம்மையார் காலையிலேயே எனக்காகக் காத்திருந்தார். அவருடைய புகார் நீண்ட காலமாக எங்கள் பட்டியலில் கிடந்தது. 'கோயில்' என்று தேடினால் பாதி நூல்கள் வருவதில்லை. வராத நூலின் பதிவைத் திறந்து பார்த்தால் அங்கேயும் 'கோயில்' என்றுதான் இருக்கும்.

உள்ளே நடப்பது இது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் தமிழ் 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதில் 'கோ' என்பதைக் 'க'வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். 'க'வுக்குப் பின் இரட்டைக் கொம்பு, அதன் பின் கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு எண்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட பதிவுகளில் இரண்டாம் வகை நிறைய. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று யூனிகோடே விதி வகுத்திருக்கிறது. தேடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. எங்கள் மென்பொருள் இத்தனை நாள் அதைச் செய்யவில்லை.

ஔகாரம் இதைவிட வில்லங்கம். 'மௌனம்' என்பதைச் சிலர் ஔகாரக் குறியோடு தட்டச்சு செய்கிறார்கள். வேறு சிலர் 'மெ' போட்டுப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே வைத்துவிடுகிறார்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது: கொம்புக்குப் பின் ளகரம் வந்தாலே ஔகாரம் என்று விதி போட்டால் 'வெளி'யும் 'தெளிவு'ம் 'வெள்ள'மும் சிதைந்துபோகும். எங்கள் குழு கண்ட வழி, அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இல்லாதபோது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதுவது. அதுவும் தேடலில் மட்டும். பதிவில் உள்ள எழுத்தை நாங்கள் தொடுவதில்லை. தட்டச்சு செய்தவர் எப்படிச் செய்தாரோ அப்படியே இருக்கட்டும்.

அம்மையார் 'கோயில்' என்று அடித்தார். பட்டியல் வந்தது. கீழே போய்க்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு நூலின் பெயரைக் காட்டி, "இது எங்களிடம் இல்லை என்று நினைத்து இன்னொரு பிரதி வாங்கிவிட்டோம், தம்பி" என்றார். பிறகு மௌனத்தை இரண்டு விதமாகவும் அடித்துப் பார்த்தார். அடுத்து, நான் சொல்லாமலே, 'வெளி' என்று அடித்தார். சரியாக வந்தது. அந்த மூன்றாவது தேடலுக்குத் தோழி அவரை மிகவும் மதித்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

சுருக்கிச் சொல்லும் தேடலையும் காட்டினேன். "நன்றாக இருக்கிறது" என்றார். அந்தத் தொனி எனக்குத் தெரியும்.

செவ்வாய், ரயிலில்

மறுபடி யூஸ்டன். மான்செஸ்டர் வரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வெளியே மழை, உள்ளே பதிப்பு எண்களைப் பற்றிய விவாதம். பெரிய மாற்றம், சிறு சேர்க்கை, பிழைத் திருத்தம் என்று மூன்று எண்களைப் புள்ளி வைத்துப் பிரிக்கும் முறையே சிறந்தது என்பது தோழியின் கட்சி. என் ஆதர்சம் கணினி அறிஞர் டொனால்ட் குனூத்தின் டெக் அச்சுக்கோப்பு மென்பொருள். மூன்றாம் பதிப்போடு புதிய வசதிகளை நிறுத்திவிட்டார். அதன் பின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை எண்ணின் ஒரு இலக்கம் கூடுகிறது. 2021இல் வந்தது 3.141592653. பிழை குறையக் குறைய எண் பையை நெருங்குகிறது. இப்படி ஒரு பதிப்பு எண்ணைக் கேட்டால் எங்கள் விற்பனைப் பிரிவு என்னை மருத்துவமனைக்கு அனுப்பும்.

புதன், மான்செஸ்டர்

இரண்டாம் வரி: "1752க்கு முந்தைய ஆங்கிலேயத் தேதிகளுக்கு இரட்டை ஆண்டு முறை ஏற்கப்படும்."

இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது ஜனவரி 1இல் அல்ல, மார்ச் 25இல். ஆகவே 1701 ஜூலையில் ஒருவர் கடிதம் எழுதி, ஏழு மாதம் கழித்துப் பிப்ரவரியில் அடுத்ததை எழுதினால், அதிலும் 1701 என்றே போடுவார். நம் கணக்கில் அது 1702. முதலாம் சார்லஸ் மன்னர் தலை வெட்டப்பட்ட நாளை நாம் 1649 ஜனவரி 30 என்கிறோம். அன்றைய ஆட்கள் 1648 என்றே எழுதினார்கள். 1752இல் ஜனவரி 1க்கு மாறினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று வைத்து, பதினொரு நாளைத் தாண்டிக் குதித்து, கிரிகோரியன் நாள்காட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

ஆவணக் காப்பாளர்கள் இதற்கு 1701/2 என்று சாய்கோடு போட்டு எழுதுவது வழக்கம். எங்கள் பழைய பதிப்பு சாய்கோட்டைக் கண்டால் 'தவறான தேதி' என்று சிவப்பில் திட்டும். வேறு வழியில்லாமல் 1701 என்று மட்டும் போட்டால், பிப்ரவரிக் கடிதம் ஜூலைக் கடிதத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பதில் முதலில் வரும், கேள்வி பின்னால் வரும்.

இங்கே உள்ள மூத்த காப்பாளர் பல ஆண்டுகளாகக் குறிப்புப் பெட்டியில் 'உண்மையில் அடுத்த ஆண்டு' என்று கையால் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பயிற்சி அறையில் ஒரு சாம்பல் நிற அட்டைப் பெட்டியைத் திறந்து, மடிப்புகளில் பழுத்த ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். தேதிப் பெட்டியில் '10 பிப்ரவரி 1701/2' என்று மெதுவாக அடித்தார். சிவப்பு வரவில்லை. அந்தத் தொகுப்பை வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினார். கடிதங்கள் இடம் மாறி நின்றன. திரையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் எழுதி வைத்திருந்த பயிற்சித் திட்டம் அங்கேயே முடிந்துபோனது. மீதி நேரமெல்லாம் அவர் தொகுப்பு தொகுப்பாகத் திறந்துகொண்டிருக்க, பின்னால் நின்று வேடிக்கை பார்த்தோம். இந்தச் சம்பளத்தில் இப்படி ஒரு வேடிக்கை பார்க்கக் கிடைக்கிறதே என்று இருந்தது.

வியாழன், மான்செஸ்டர்

ரயிலுக்கு முன் அரை நாள் கிடைத்தது. அறிவியல் தொழில் அருங்காட்சியகம், 1830இல் திறந்த லிவர்பூல் சாலை ரயில் நிலையத்தின் வளாகத்தில் இருக்கிறது. அங்கே 'பேபி' என்ற கணினியின் மறுவடிவம். மூல எந்திரம் இதே ஊரின் பல்கலைக்கழகத்தில் 1948 ஜூன் 21ஆம் தேதி ஓடியது. நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு மின்னணு முறையில் ஓட்டிய முதல் கணினி. நினைவகம் மொத்தம் 32 சொற்கள், ஒவ்வொன்றும் 32 பிட். டாம் கில்பர்ன் எழுதிய அந்த முதல் நிரலில் 17 கட்டளைகள். 2,62,144 என்ற எண்ணுக்கு, அந்த எண்ணைத் தவிர்த்த மிகப் பெரிய வகுஎண்ணைத் தேடி, 52 நிமிடம் ஓடி, சரியான விடை சொன்னது.

உடன் வேலை செய்த ஜெஃப் டூட்டில் அடுத்த மாதம் தன் குறிப்பேட்டில் அந்த நிரலைப் படியெடுத்து வைத்தார். தலைப்பிலேயே 'திருத்தப்பட்டது' என்று போட்டிருக்கிறார். நினைவகத்திலிருந்து ஓடிய முதல் நிரலுக்கு ஒரு மாதத்துக்குள் புதிய பதிப்பு! இதைத் தோழியிடம் குதூகலமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மூத்த காப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

ஒரு சிக்கல். எடின்பரோ வணிகர் ஒருவரின் கடிதக் கட்டை இன்று காலை ஏற்றியிருக்கிறார். '1702 பிப்ரவரி' என்று அடித்ததும் மென்பொருள் முந்திக்கொண்டு '1702/3 ஆக இருக்குமோ?' என்று கேட்கிறதாம். ஸ்காட்லாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்தே ஜனவரி 1தான் ஆண்டுப் பிறப்பு. அங்கே அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

தோழி அருங்காட்சியக நாற்காலியிலேயே மடிக்கணினியைத் திறந்து பிழையைப் பதிவு செய்துவிட்டார். அவர் முகத்தில் இந்த வாரத்திலேயே அதிகமான மகிழ்ச்சி. தொகுப்புக்கு ஒரு நாடு என்று அமைத்துவிட்டால் போதும் என்றார். ஸ்காட்லாந்துக்காரர் லண்டனில் தங்கி ஊருக்கு எழுதியிருந்தால் என்ன செய்வது, ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாக அமைக்க வேண்டும் என்றேன் நான். நிலையம் வரை இதே வாக்குவாதம். நடைமேடையில் நின்று காப்பாளரையே கேட்டு எழுதினோம்.

ரயில் ஸ்டாக்போர்ட் தாண்டும்போது பதில் வந்தது. கடிதத்துக்குக் கடிதம் அமைக்கும் வசதி வேண்டும். அதைவிட முக்கியமாக, எந்த முறை என்று தெரியாதபோது தெரியவில்லை என்று குறிக்க ஓர் இடம் வேண்டும். இப்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் பதிவைச் சேமிக்கவே முடிவதில்லை என்று எழுதியிருந்தார். தோழி அதை இரண்டாவது பிழையாகப் பதிவு செய்தார். அடுத்த திருத்தப் பதிப்பில் இரண்டும் சேரும் என்று அலுவலகத்திலிருந்து இரவே உறுதி வந்துவிட்டது. குறிப்பு வரிகளை எழுதத் தொடங்கிவிட்டேன்.